பள்ளித் திறப்புச் செலவு: பெற்றோருக்கு அவகாசமும் வேண்டும், விரும்பிய கடையில் வாங்கும் உரிமையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை முடியும் தறுவாயில், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பள்ளிக் கட்டணத்தின் முதல் தவணை, வேன் கட்டணம், நோட்டு, சீருடை, பை, காலணி என எல்லாச் செலவும் மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் சேர்ந்து வந்து நிற்க, எதை இப்போது கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எந்த நகையைக் கொண்டுபோய் வைப்பது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகளின் தாய் என்ற முறையிலும், எங்கள் தெருவில் உள்ள சில குடும்பங்களுக்கும் சேர்த்து ஆண்டுதோறும் நோட்டு வாங்கி வருபவள் என்ற முறையிலும், இந்தச் செலவில் எதை நாங்களே குறைத்துக்கொள்ள முடியும், எதைக் குறைக்கவிடாமல் எங்கள் கையைக் கட்டிவைக்கிறார்கள் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, பை, காலணி, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், பேருந்துப் பயண அட்டை ஆகியவற்றை அரசே விலையில்லாமல் வழங்குகிறது. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்துள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடையும் கிடைக்கிறது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்துவரும் ஏற்பாடு இது. என் கடிதம் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிற, ஆனால் வசதி படைத்தவர்கள் என்றும் சொல்ல முடியாத பெற்றோரைப் பற்றியது. தையல் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், ஜவுளிக்கடை ஊழியர், சிறு நிறுவனத்துக் கணக்கர் ஆகியோரின் பிள்ளைகள் எத்தனையோ பேர் எங்கள் ஊர்ச் சிறு மெட்ரிக் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

முதலில், எல்லோருக்கும் உடனே பயன்படக்கூடிய ஒரு செய்தி. நோட்டு, கிராஃப் நோட்டு, ஆய்வக நோட்டு, பென்சில், ஷார்ப்னர், கிரேயான், நிலவரைபடம் ஆகியவற்றின்மீது இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியும் அழிப்பான்மீது இருந்த 5 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டன. ஜியாமெட்ரி பாக்ஸுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கும் இப்போது 5 சதவீதம்தான். நோட்டு தயாரிக்கப் பயன்படும் காகிதத்துக்கும் வரி இல்லை என்று சேர்த்தே அறிவித்ததால், வரி விலக்கின் பலன் உற்பத்தியாளரோடு நின்றுவிட நியாயம் இல்லை. வரியோடு 56 ரூபாய்க்கு விற்ற நோட்டில் 6 ரூபாய் வரியாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு இருபது நோட்டு வாங்கும் வீட்டில் அந்த ஆறு ரூபாய் 120 ரூபாயாகிறது. எனவே அட்டையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையை மட்டும் பார்க்காமல், அந்த நோட்டு எந்த மாதம் தயாரானது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். வரி நீக்கத்துக்கு முந்தைய சரக்கைப் பழைய விலைக்கே தருகிற கடைக்காரரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

நோட்டு வாங்குவதில் கண்ணுக்குத் தெரியாமல் பணம் போகும் வழிகள் பல உண்டு. ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு லாங் சைஸ் நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட அரை விரற்கடை குட்டையாக இருக்கும். 200 பக்கம் என்று போட்டிருப்பதில் அட்டவணைப் பக்கமும் அட்டையின் உட்புறமும் சேரும் என்று சில நோட்டுகளின் பின்னட்டையில் பொடி எழுத்தில் குறித்திருக்கும். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று, சொல்கிறார்கள். கனம் குறைந்த தாளில் ஜெல் பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறித் தெரியும், ஆசிரியர் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்வார், நோட்டு பாதி ஆண்டிலேயே தீர்ந்துவிடும். மலிவாக வாங்கிய நோட்டு அங்கே இரட்டை விலையாகிவிடுகிறது. தடித்த நோட்டாக இருந்தால் நடுவில் இரண்டு பின் அடித்திருக்கிறதா, நூலால் தைத்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பின் அடித்த நோட்டின் நடுத்தாள்கள் காலாண்டுத் தேர்வுக்குள் கழன்று வந்துவிடுகின்றன. தாளை வெளிச்சத்தில் பிடித்து, கடைக்காரரின் பேனாவால் ஓர் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்க அனுமதிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பளபளக்கும் அட்டைப் படத்துக்குக் கொடுக்கும் பணத்தை விட்டுவிட்டு இந்தக் காகிதத்துக்குக் கொடுத்தால் பிள்ளைக்கும் எழுத வாகாக இருக்கும். எப்படியும் அந்த அட்டையின்மேல் பிரவுன் ஷீட் போட்டு லேபிள் ஒட்டத்தானே போகிறோம்.

வாங்கும் இடமும் முக்கியம். மதுரையில் எழுகடல் தெருவையும் மாசி வீதிகளையும் சுற்றிலும், சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலும் மொத்த விலைக் கடைகள் உள்ளன. சிவகாசியில் அச்சாகித் தைக்கப்பட்டு வரும் நோட்டுகள் அங்கே டஜன் கணக்கில் கிடைக்கின்றன. பல கடைகளில் அச்சிட்ட விலையில் கால் பங்கு வரை குறைத்தே தருகிறார்கள். ஒரு வீட்டுக்கு எல்லா அளவிலும் டஜன் தேவைப்படாது என்பதால்தான் எங்கள் தெருவில் நாங்கள் சேர்ந்து வாங்குகிறோம். நாலு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு, கோடு போட்ட நோட்டு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை வேண்டும் என ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இருவர் மட்டும் சென்று வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆட்டோ செலவைப் பங்கிட்ட பிறகும் மிச்சம் கணிசமாகவே இருக்கிறது. இதைச் செய்வதற்குச் சங்கமோ பதிவோ தேவையில்லை. ஒருவரையொருவர் நம்பும் நான்கு வீடுகள் போதும்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன்பு வீட்டில் இருப்பதை எடுத்துப் பார்ப்பதைப் பலரும் செய்வதில்லை. முடிந்த ஆண்டின் நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துக் கொடுத்தால், பைண்டிங் செய்பவர் கெட்டி அட்டை போட்டுத் தைத்துத் தருகிறார். ரஃப் நோட்டுக்கும் வீட்டுக் கணக்குப் பயிற்சிக்கும் அதுவே ஓராண்டு வருகிறது. பை பழுதாகிவிட்டது என்று சொல்வதில் பாதிக்கு மேல் ஜிப்பின் ரன்னர் தேய்ந்ததும் தோள்பட்டையின் தையல் விட்டதும்தான். தெருவோரத்தில் உட்கார்ந்து பை தைப்பவர் புதுப் பையின் விலையில் மிகச் சிறு பங்குக்கு அதைச் சரிசெய்து தருவார். ஜியாமெட்ரி பாக்ஸில் கவராயத்தின் திருகு ஒன்று தொலைந்தால் முழுப் பெட்டியையும் மாற்றும் வழக்கத்தை விட்டு, கவராயத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பழைய பையோடு வகுப்புக்குள் நுழையும் குழந்தைக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். சிக்கனம் பெற்றோருக்குத் தெரிந்த விஷயம். அதன் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது. என் மகளுக்குப் பை பழையதாக இருந்தால் தண்ணீர் பாட்டிலாவது அவள் தேர்ந்தெடுத்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் கவனமாக இருக்கிறேன். ஒரு பொருளையாவது பிள்ளைகள் தாங்களே ஆசைப்பட்டு எடுக்கட்டும். மற்ற பொருள்களில் மீதம் பிடித்துக்கொள்ளலாம்.

இதுவரை எழுதியவை பெற்றோரின் கையில் இருப்பவை. சீருடைக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. துணி எடுத்துத் தைக்கும் வழக்கம் இருந்தவரை, வளரும் பிள்ளை என்று சொல்லி, கால்சட்டையின் அடியிலும் பினாஃபோரின் ஓரத்திலும் நான்கு விரல் அளவு உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வோம். பக்கவாட்டிலும் கொஞ்சம் துணி விட்டிருப்பார்கள். மறு ஆண்டு தையலைப் பிரித்து இறக்கிவிட்டு, இடுப்பைத் தளர்த்தினால் அதே சீருடை இன்னும் ஓராண்டு உழைத்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல்காரர்கள் இன்றும் அப்படிக் கேட்டால் முகம் சுளிக்காமல் தைத்துக் கொடுக்கிறார்கள். பள்ளி குறிப்பிடும் கடையில் வாங்கும் ஆயத்தச் சீருடையிலோ உள்ளே மடிப்புக்கு ஒரு விரல் துணிகூட இருப்பதில்லை. பிள்ளை சற்று உயர்ந்தால் போதும், உடுப்பு வீணாகிவிடுகிறது. சட்டைப் பையில் அச்சிட்ட பள்ளிச் சின்னம், அந்தப் பள்ளிக்கென்றே நெய்த கட்டம் போட்ட துணி, வாரத்தில் ஒருநாள் மட்டும் அணியும் இன்னொரு வண்ணச் சட்டை, அதற்கொரு வெள்ளைக் காலணி என்று கூட்டிக்கொண்டே போவதால் வெளியே எங்கும் வாங்க வழியில்லாமல் போகிறது. சில பள்ளிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சீருடையின் நிறத்தையே மாற்றுகின்றன. அண்ணன் உடுத்தியதைத் தம்பி உடுத்தும் வழியும் அத்துடன் அடைபட்டுவிடுகிறது.

சின்னத்தைத் தனித் துணியில் அச்சிட்டுச் சிறு தொகைக்குப் பள்ளி கொடுத்தால், நிறத்தையும் துணி வகையையும் மட்டும் சொல்லிவிட்டால், பெற்றோர் தமக்கு ஏற்ற விலையில் துணி எடுத்துத் தைத்து, சின்னத்தை ஒட்டித் தைத்துக்கொள்வார்கள். ஒழுங்கும் கெடாது, அடையாளமும் குறையாது. சீருடையை மாற்றுவதானால் புதிதாகச் சேரும் வகுப்பிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே படிப்பவர்கள் பழையதை அணிந்தே பள்ளிப் படிப்பை முடிக்க அனுமதிக்க வேண்டும்.

பாடநூல்களில் சேமிப்பதற்கு நம் மாநிலத்தில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தபின், அரசுப் பள்ளியானாலும் மெட்ரிக் பள்ளியானாலும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் அதே நூல்கள்தாம். விலை அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, கழகத்தின் இணையதளத்தில் நூல் முழுவதையும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். 2012-13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறையால் சிறு வகுப்புகளின் நூல் ஒரு பருவம் மட்டுமே பிள்ளையின் கையில் இருக்கிறது. கிழியாமல் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடிகிறது. ஆண்டிறுதித் தேர்வு முடிந்த அன்றே வகுப்பறையில் ஒரு மேசை போட்டு, கொடுக்க விரும்புபவர்கள் நூலை வைத்துவிட்டுப் போகவும், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளவும் ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஏற்பாடு செய்யலாம். அன்றைக்குச் செய்யாவிட்டால், ஜூன் மாதத்துக்குள் பாதி நூல்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. பாடத்திட்டம் மாறுகிற வகுப்புகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குறிப்பாக சிபிஎஸ்இ பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள், என்சிஇஆர்டி நூல்கள் 3, 6 ஆகிய வகுப்புகளுக்கு 2024-லும் 4, 5, 7, 8 ஆகிய வகுப்புகளுக்கு 2025-லும் புதிதாக மாறிவிட்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய நூலை வாங்குவதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும்.

பாடநூல் விலை குறைவாக இருந்தும் பெற்றோர் கட்டும் தொகை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றால், அதனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் மற்றவைதான் காரணம். பொது அறிவு, நீதிபோதனை, கணினி, கையெழுத்து, ஓவியம் என்று தனியார் பதிப்பக நூல்கள் ஐந்தாறு. பள்ளியின் பெயர் அச்சிட்ட நோட்டுகள் ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே ரசீது, பிரித்து வாங்க முடியாது. சென்ற ஆண்டு என் மகள் கொண்டுவந்த பையில் இருந்த ஓவிய நூலில் முதல் சில பக்கங்கள் மட்டுமே வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. கையெழுத்துப் பயிற்சி நூல் திறக்கப்படவே இல்லை. மகனின் 200 பக்க நோட்டுகள் பலவற்றில் ஐம்பது அறுபது பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. 100 பக்க நோட்டில் தொடங்கி, தீர்ந்தால் இன்னொன்று வாங்கச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், பையும் இலேசாக இருந்திருக்கும். பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. நோட்டுப் பட்டியலைப் போடுபவர்கள் அந்தக் கொள்கையை ஒருமுறை எடுத்துப் படித்தால் பெற்றோரின் செலவு தானாகவே குறையும்.

பள்ளியிலோ பள்ளி காட்டும் கடையிலோதான் பாடநூலும் எழுதுபொருளும் சீருடையும் வாங்க வேண்டும் என்று பெற்றோரை நிர்ப்பந்திக்கக் கூடாது என்று சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு 2017-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் 2024-இல் மாவட்ட நிர்வாகம், புத்தகக் கடைக்காரர்களோடும் பதிப்பகத்தாரோடும் கைகோத்துப் பெற்றோரிடம் மிகையாகப் பணம் வாங்கிய பள்ளிகள்மீது வழக்குப் பதிந்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. மனம் வைத்தால் மாவட்ட ஆட்சியரால் செய்யக்கூடிய காரியம் இது என்பதற்காகவே அதை இங்கே குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் இருக்கின்றன. கட்டணத்தில் காட்டும் அதே கண்டிப்பை நோட்டுக் கட்டிலும் சீருடையிலும் காட்டாவிட்டால், ஒரு கதவில் தடுத்த பணம் மறு கதவு வழியாகப் போய்விடும். முறையிடும் பெற்றோரின் பெயர் வெளியே வராத வகையில், மாவட்டக் கல்வி அலுவலகங்களில் மே, ஜூன் மாதங்களுக்கு மட்டுமாவது தனியாகப் புகார் வாங்கும் ஏற்பாடு வேண்டும். பிள்ளையை அந்தப் பள்ளியில் விட்டுவிட்டு வெளிப்படையாகப் புகார் எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பட்டியல் கைக்கு வரும் நாளும் பணத்தைத் தீர்மானிக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பள்ளி உட்படப் பல பள்ளிகளில் நோட்டுப் பட்டியல் பள்ளி திறக்கும் வாரத்தில்தான் கிடைக்கிறது. "திங்கட்கிழமைக்குள் எல்லாம் இருக்க வேண்டும்" என்ற குறிப்போடு வருகிறது. அப்போது கடைவீதியில் நிற்க இடமிருக்காது, தேடிய அளவு தீர்ந்திருக்கும், விலை பேசக் கடைக்காரருக்கு நேரமிருக்காது. ஏப்ரலில் தேர்வு முடிவோடு பட்டியலையும் கொடுத்தால், ஏப்ரல் சம்பளத்தில் நோட்டு, மே சம்பளத்தில் சீருடை, ஜூன் சம்பளத்தில் காலணி என்று பிரித்துச் செய்ய முடியும். வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியமே பல வீடுகளில் ஏற்படாது. காலணியை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குவதே நல்லது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். விடுமுறையில் பிள்ளைகளின் பாதம் வளர்ந்துவிடுகிறது.

கடைசியாகக் கூட்டுறவுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கேரளத்தில் கன்சூமர்ஃபெட் என்ற மாநிலக் கூட்டுறவு இணையம், பள்ளி திறப்பதற்கு முன் ஆண்டுதோறும் ஸ்டூடன்ட் மார்க்கெட் என்ற பெயரில் சிறப்பு விற்பனை நிலையங்களைத் திறந்து, திரிவேணி என்ற தன் சொந்தப் பெயரில் நோட்டுகளையும், அவற்றோடு பை, குடை, டிபன் பாக்ஸ் முதலியவற்றையும் வெளிச் சந்தையைவிடக் குறைந்த விலையில் விற்கிறது. நம் மாநிலத்தில் இதற்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்குகிறது. நோட்டு அச்சிட்டுத் தைக்கச் சிவகாசி இருக்கிறது. சீருடைத் துணி நெய்யக் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான துணியை இன்றும் அவை நெய்து கொடுக்கின்றன. விற்பதற்கு, 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் முதல் கோவையின் சிந்தாமணி, மதுரையின் பாண்டியன் வரை கூட்டுறவுப் பண்டகசாலைகள் இருக்கின்றன. தீபாவளிக்கு ஊர்தோறும் பட்டாசுக் கடை திறந்து வெளிச் சந்தை விலையைக் கட்டுக்குள் வைக்க அவற்றால் முடிகிறது. சில பண்டகசாலைகளில் நோட்டு விற்கிறார்கள் என்றாலும், எப்போது வரும், எந்த அளவில் வரும் என்பது பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் மாணவர் சந்தை ஒன்றைத் திறந்து, விலைப்பட்டியலை முன்னதாகவே நாளிதழ்களில் வெளியிட்டால், அந்தச் சந்தைக்கு வராத பெற்றோருக்கும் பலன் உண்டு. எதிர்ப்புறக் கடைக்காரரும் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அங்கே ஒரு மூலையை ஒதுக்கினால், துணிப் பையும் பென்சில் பையும் அவர்களே தைத்து விற்பார்கள்.

வரும் கல்வியாண்டுக்கான நோட்டுப் பட்டியலை ஏப்ரலிலேயே வழங்கும்படியும், எந்தப் பொருளையும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற ஒரு வரியை அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே அச்சிடும்படியும் எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர் சந்தை குறித்துக் கூட்டுறவுத் துறை அமைச்சர் பரிசீலித்து, நோட்டு அச்சிடும் வேலை சிவகாசியில் தொடங்குவதற்கு ஏதுவாகப் பொங்கலுக்கு முன்பே முடிவை அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
மதுரை.